இரும்பு டேங்கின் சத்தம்

இது கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் மீஞ்சூர் குணாளனிடம் நேரில் போய்ச் சொல்லிப் பார்க்கலாம். அந்தப் பேச்சை எடுத்தாலே இன்றைக்கும் அவனுக்கு ஆத்திரம்தான் வரும். நடந்தது 2004, ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. பட்டப்பகல்.

குணாளன் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவன். அன்று சாயந்திரம் திருப்பாச்சூரில் கோயில் கச்சேரி. சாமி பாட்டுக்குக் காதைப் பிளக்கிற மாதிரி ஓர் இரும்புச் சத்தம் வேண்டும் என்று, காலையிலேயே கும்மிடிப்பூண்டியில் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போனான். மூலையில் கிடந்த பெரிய டேங்கைச் சுத்தியலால் ஒரே ஒரு அடி அடித்தான். தபேலா வாசிக்கும் லோகநாதன் கூடவே நின்று மைக்கைப் பிடித்துப் பதிவு செய்தான்.

மதியம் 2.10. குணாளன் வீட்டு மாடி அறை. கீபோர்டின் சின்னத் திரையில் அந்தச் சத்தத்தைப் போட்டு, முன்னும் பின்னும் வெட்டினான். ஹெட்போனில் கேட்டான்.

டங்ங்ங்...

அது அடங்கும்போது இன்னொரு சத்தம். மெதுவாக. டொக்.

"நீ தட்டுனியா?"

"இல்லப்பா. மைக்க புடிச்சிக்கினு நின்னதோட சரி," என்றான் லோகநாதன்.

"பொய் சொல்லாத. சாயந்திரம் ப்ரோக்ராம வச்சிக்கினு வெளாடுறியா?"

சத்தத்தின் அந்த வால் பகுதியை வெட்டி எறிந்தான். சேமித்தான். கட்டையை அழுத்தினான்.

டங்ங்ங்... டொக். டொக்.

2.25-க்குள் நாலு தடவை வெட்டிவிட்டான். ஒவ்வொரு தடவையும் ஒரு தட்டு கூடியது. குணாளனுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஹெட்போனைக் கழற்றி வீசிவிட்டு, லோகநாதனின் சட்டையைப் பிடித்தான்.

பிடித்த கை அப்படியே நின்றது.

டொக். டொக். டொக்.

கீபோர்டை யாரும் தொடவில்லை.

பிளக்கைப் பிடுங்கினான். நிற்கவில்லை.

2.31.

ஹெட்போனிலிருந்து ஓர் ஆண் குரல். பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிற குரல்.

"காலி இல்லடா..."

அவ்வளவுதான்.

அந்தச் சத்தம் இல்லாமலே கச்சேரியை முடித்தார்கள். மறுநாள் காலை இருவரும் இரும்புக் கடைக்குப் போனார்கள். டேங்கைப் பற்றிக் கேட்டதும், அங்கே இரும்பு பிரிக்கும் கங்கம்மா தலை நிமிராமல் சொன்னாள்.

"கெமிக்கல் கம்பெனி டேங்க்குப்பா அது. கழுவ எறங்குன பாக்கியநாதன் உள்ளயே மயங்கிக் கெடந்தான். சூப்பர்வைசர் வெளிய இருந்து சுத்தியால ஒரு அடி அடிச்சிப் பாத்துட்டு, காலின்னு மூடிய முறுக்கிட்டுப் பூட்டான். மூணு நாளு, ஆளு ஓடிப்போயிட்டான்னு அவன் பொண்டாட்டி கைல சொல்லிக்கினு இருந்தானுங்க. தொறந்து பொணமா எடுத்தப்ப கை முட்டியெல்லாம் ஒடஞ்சி கெடந்துச்சி. அப்பால மூடுனதுதான். நாலு வருசமா அத்த எவனும் தொறக்கல."

குணாளன் ஸ்பேனர் கேட்டு வாங்கினான். பயத்தில் இல்லை, ஆத்திரத்தில்தான். போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மூடியைப் புரட்டிப் போட்டான்.

மூடியின் உள்பக்கம் முழுக்கத் தடித்த துரு.

நடுவில் மட்டும் கைமுட்டி அளவுக்குத் துரு உதிர்ந்து, இரும்பு புதிதாகப் பளபளத்தது.