பன்னிரண்டு ராசி, நாலு காலடி

ஒருவருக்குக் கம்பு சுற்றக் கற்றுக் கொடுப்பது சுலபம். அவருடைய ராசியைக் கேட்டுவிட்டுக் கற்றுக் கொடுப்பதில்தான் தொழிலின் கஷ்டமே இருக்கிறது. முழங்கால் வலியை மறைத்துக்கொண்டு, வந்தவர்கள் முன்னால் சிரித்தபடி நிற்கிற வேலை எதுவானாலும், அதில் இருக்கிறவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள். அதனால் உங்களிடம் எதையும் மறைக்கப் போவதில்லை. படித்துவிட்டு மலைக்கு மேலே வந்து யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், அது போதும்.

ஜவ்வாது மலையில் ஆரோக்கியம் என்பவர் நடத்துகிற தங்கும் விடுதியில் நான் சிலம்ப ஆசான். எனக்கு வயது எழுபத்து மூன்று; கம்பு கையில் இருந்தால் அறுபத்து ஒன்பது. முதலில் 'இங்கே சிலம்பம் கற்றுத் தரப்படும்' என்றுதான் போர்டு வைத்தார். வந்தவர்கள் சாமைச் சோறு சாப்பிட்டார்கள், பலாப்பழம் சாப்பிட்டார்கள், தூங்கினார்கள், போனார்கள். ஒருநாள் ஆரோக்கியம், "வெறும் சிலம்பம்னா எவன் எழுந்து வருவான்? ராசின்னு போடுங்க ஆசானே, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வருவாங்க" என்றார். மறுநாளே போர்டு மாறியது: 'உங்கள் ராசிக்கேற்ற தற்காப்புக் கலை. உடலுக்கு வலிமை, உள்ளத்துக்கு அமைதி.'

எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு காலடி முறை. நாலு மூலைக் காலடி. இடது முன், வலது முன், வலது பின், இடது பின். கம்பு சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இதை ராத்திரியோடு ராத்திரியாகப் பன்னிரண்டாக்கினேன். மேஷத்துக்கு வேகமாக. மீனத்துக்கு மெதுவாக. கடகத்துக்குப் பக்கவாட்டில் ஆரம்பித்து. சிம்மத்துக்கு ஒரு உறுமலோடு. கும்பத்துக்குத் தலையில் ஒரு செம்பு. இந்த ரகசியம் எனக்கும் என் முழங்காலுக்கும் மட்டும்தான் தெரியும்.

தெரிந்துபோனால் என்ன என்கிறீர்களா? கீழே சந்தவாசலில் என் மகன் வீடு இருக்கிறது. ஒரு குறையும் இல்லை. மருமகள் வேளாவேளைக்குச் சோறு போடுவாள். சிலிண்டர் வந்தால் வாங்கி வைக்க வேண்டும், தண்ணீர் வந்தால் மோட்டார் போட வேண்டும். அங்கே என் பெயர் பெருசு. மேலே என் பெயர் ஆசான். ஒரு பஸ் டிக்கெட் தூரத்தில் ஒரு மனுஷனுக்கு இவ்வளவு வித்தியாசம்!

செல்போனில் சிம்மம், ஜாதகத்தில் கடகம்

வேலூரிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்திருந்தார்கள். அந்த அம்மாவிடம் ராசி கேட்டேன். செல்போனைப் பார்த்து, "சிம்மம்" என்றார். சரி என்று ஒரு மணி நேரம் உறுமவிட்டேன். நல்ல தொண்டை. விடுதிக் கோழிகள் அன்றைக்கு முழுக்கக் கூண்டை விட்டு வெளியே வரவில்லை. முடிந்ததும் சந்தோஷத்தில் தன் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தம் எனக்கே கேட்டது. "யாருடி உனக்கு சிம்மம்னு சொன்னது? உன் ஜாதகத்துல கடகம்னு எழுதி மஞ்சள் தடவி வெச்சிருக்கேன்!"

செல்போன் சூரியனைப் பார்த்துச் சொல்கிறது, நம் ஊர் ஜாதகம் சந்திரனைப் பார்த்துச் சொல்கிறது. பெரும்பாலான பேருக்கு இரண்டும் வேறு வேறாக வரும். நான் என்ன செய்வேன்? மறுபடி கூப்பிட்டுப் பக்கவாட்டில் நடக்கவிட்டேன். அதையும் பிரமாதமாகச் செய்தார். எந்த ராசியை வைத்துக்கொள்வது என்று நாங்கள் இருவரும் விவாதித்துக்கொண்டிருக்க, அதுவரை வாயே திறக்காத கணவர் மெல்லச் சொன்னார்: "வூட்ல நான் ரெண்டையும் பார்த்துட்டேன் ஆசானே. இன்னா ராசியோ இருந்துட்டுப் போகட்டும், எனக்குத் தடுக்க மட்டும் சொல்லிக் குடுங்க."

நனையாத கம்பு

வாலிபத்தில் அடைமழையில் நடுவில் நின்று நான் கம்பு சுற்றினால் என் மேல் ஒரு சொட்டு விழாது. சுற்றி வட்டமாக மண் நனைந்திருக்கும், நடுவில் என் காலடியில் புழுதி பறக்கும். இதைப் புதிதாக வருகிற ஒவ்வொரு கூட்டத்துக்கும் சொல்வது வழக்கம். வெயில் காலத்தில் சொன்னால் நல்ல மரியாதை கிடைக்கும். ஐப்பசியில் சொன்னது என் புத்தி.

செங்கத்தில் உரக்கடை வைத்திருக்கிற ஒரு மீன ராசிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். சொல்லி முடிக்கவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. எல்லாரும் தாழ்வாரத்துக்கு ஓடி, அங்கிருந்து என்னையே பார்த்தார்கள். விதியே என்று நடுவில் நின்று சுற்றினேன். வேட்டி, சட்டை, காதுக்குள் வைத்திருந்த பஞ்சு வரை நனைந்தது. கரையேறி வந்து, "உடம்புதான் நனைஞ்சது. இது ஆன்மிகப் பயிற்சி, மனசு நனையாது" என்றேன். உரக்கடைக்காரர் தோளிலிருந்த துண்டை எடுத்து நீட்டினார்: "மொதல்ல உடம்பைத் தொடைங்க ஆசானே, மனசு எப்பிடியும் காஞ்சுதான் இருக்குது."

சொன்னதைச் செய்த ஒரே ஆள்

பலாப்பழம் பழுக்கிற மாதத்தில் ஒரு காலை வேளை. ஆறு ரிஷப ராசிக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். ரிஷபத்துக்கு என் பாடம், அசையாமல் நிற்பது. "எது வந்தாலும் காலை எடுக்காதீங்க. மூச்சை மட்டும் கவனிங்க" என்று சொல்லிக்கொண்டே திரும்பினால், பலா மரத்தடியில் கரடி. என் அளவுக்கு உயரம். நான் வாலிபத்தில் இருந்த உயரம். இரண்டு காலில் நின்று எங்களைப் பார்த்தது.

ஆறு பேரும் எந்தப் பக்கம் போனார்கள் என்று தெரியாது. ஒருவர் செருப்பு மட்டும் மறுநாள் கிடைத்தது. நான் ஓடவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு வேலை இருந்தது, அதைப் பார்க்கப் போயிருந்தேன். கரடி அசையாமல் அங்கேயே ஐந்து நிமிடம் நின்றது. பிறகு பழத்தை எடுத்துக்கொண்டு நிதானமாகப் போயிற்று. வாட்ச்மேன் சடையன் இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். எல்லாவற்றையும் வாசல் கேட் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் தொட்டிக்குப் பின்னாலிருந்து வந்ததும் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "நீ சொல்லிக் குடுத்ததை ஒழுங்கா செஞ்சது அது ஒண்ணுதான் ஆசானே."

உள்ளே யார்?

ஒரு கன்னி ராசி ஆடிட்டர். இரண்டு செல்போன். கம்பு சுற்றும்போது ஒன்றைச் சட்டைப் பையிலும் ஒன்றைச் சடையன் கையிலும் வைத்திருந்தார். சடையன் கையில் அது அடிக்கிற போதெல்லாம் இவர் காலடி தவறும். கன்னிக்கு நான் வைத்திருந்தது, ஒவ்வொரு அடிக்கும் ஒரு மூச்சு, எண்ணக் கூடாது. எண்ணுவதே பிழைப்பான ஆளை எண்ணாதே என்றால் எப்படி? மூன்று நாள் உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

நாலாம் நாள் பனி இறங்கியிருந்த காலையில் உதடு நின்றது. கம்பு மட்டும் சுற்றியது. சடையன் கையில் செல்போன் அடித்து அடித்து ஓய்ந்தது.   சுற்றி முடித்த ஆடிட்டர் கம்பைக் கீழே வைத்துவிட்டு, பூமியைத் தொட்டுக் கும்பிட்டு, என்னிடம் வந்தார்: "ஒரு பத்து நிமிஷம் எதையும் நெனைக்கலீங்க. உள்ள யாராவது இருக்காங்களான்னு பயமாப் போய்ட்டுச்சு."

எனக்கு மட்டும் வந்த சந்திராஷ்டமம்

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் ஆரோக்கியத்தின் அக்கா மேரி டீச்சர் வருவதாகச் செய்தி வந்தது. கலசப்பாக்கத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். விடுதி அவர்கள் அம்மா வழி நிலம்; பாதி அவருடையது. போர்டைப் பற்றி யாரோ சொல்லிவிட்டார்கள். ஆரோக்கியம் என்னைத் தனியாக அழைத்தார். "நம்ம எடத்துல இன்னா ஜோசியம்னு அக்கா கொதிக்கிறாங்க. மூணு நாள் இருந்து பார்ப்பாங்களாம். அவங்களுக்குப் புடிக்கலைன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது ஆசானே, உங்க கம்பெல்லாம் அவரைப் பந்தலுக்குத்தான்."

டீச்சர் வந்து இறங்கினார். கழுத்தில் சிலுவை, அதற்குக் கீழே விசில். என்னைப் பார்த்து, "வணக்கம் பெரியவரே" என்றார். சந்தவாசலுக்குப் பாதி மலை இறங்கிவிட்டது போல இருந்தது எனக்கு.

வந்த அன்றே அவர் கையில் எடுத்தது வருகைப் பதிவேடு. இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சந்திராஷ்டமம் நடக்கிற ராசிக்காரர் அன்றைக்குக் கம்பைத் தொடக் கூடாது, உட்கார்ந்து தியானம் மட்டும் செய்ய வேண்டும் என்று நான் ஒரு விதி வைத்திருந்தேன். ஆசானுக்கும் அதே விதி. முழங்கால் வலிக்கிற அன்றைக்கெல்லாம் எனக்குச் சந்திராஷ்டமம் வந்துவிடும். டீச்சர் பதிவேட்டையும், சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்: "நான் இதையெல்லாம் நம்பறதில்லீங்க பெரியவரே. ஆனா ஊர்ல எல்லாருக்கும் மாசத்துல ரெண்டரை நாள் வர்ற சந்திராஷ்டமம், உங்களுக்கு மட்டும் எப்பிடி ஒம்போது நாள் வருது?"

சுண்ணாம்புப் புள்ளிகள்

மறுநாள் காலை டீச்சரே வரிசையில் வந்து நின்றார். ராசி கேட்டேன். "எங்க வூட்ல ஜாதகம் எழுதறதில்ல, ஞானஸ்நான சர்டிபிகேட்தான். நீங்களே ஒண்ணு குடுங்க." மேஷம் கொடுத்தேன். முடித்ததும் போகவில்லை, "அடுத்து கடகம் பார்க்கறேன்" என்றார். சாயங்காலம் மீனத்திலும் நின்றார். அதற்கு அடுத்த நாள் தலையில் செம்போடு கும்பம். பிறகு சிம்மம், உறுமவில்லை, விசில் அடித்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை.  என் துணிகளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். சந்தவாசல் பஸ் எத்தனை மணிக்கு என்றும் சடையனிடம் கேட்டுவிட்டேன்.

நாலாம் நாள் விருந்தினர் எழுவதற்கு முன்னால் என்னையும் தம்பியையும் மைதானத்துக்கு வரச் சொன்னார். கையில் ஒரு டப்பாவில் சுண்ணாம்புப் பொடி. "மேஷம் போடுங்க பெரியவரே." போட்டேன். என் கால் பட்ட இடத்திலெல்லாம் பொடி வைத்தார். நாலு புள்ளி. "கடகம்." போட்டேன். கால் அதே நாலு புள்ளியில் விழுந்தது. "மீனம்." மெதுவாக விழுந்தது, ஆனால் அங்கேயேதான். "துலாம்." நான் கம்பை ஊன்றி நின்றுவிட்டேன். ஆரோக்கியம் புள்ளிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார். இத்தனை வயதுக்கு நான் சொன்ன கதைகளில் ஏதாவது ஒன்று அந்த நேரம் கைகொடுத்திருக்கலாம்.  "ஒண்ணுதான் டீச்சர்" என்றேன். "எனக்குத் தெரிஞ்சதே இது ஒண்ணுதான். ஆனா இது எனக்கு நல்லாத் தெரியும்."

டீச்சர் டப்பாவை மூடினார். என் கையிலிருந்த கம்பை வாங்கினார். பொடிப் புள்ளிகளின் மேல் ஏறி நின்று நாலு மூலையும் ஒரு சுற்று வந்தார். ஒரு காலும் தவறவில்லை, மூச்சும் வாங்கவில்லை. கம்பைத் திருப்பி என்னிடம் நீட்டிச் சொன்னார்: "நானும் ஆறாங் கிளாஸ்ல இருந்து பன்னெண்டாங் கிளாஸ் வரைக்கும் முப்பது வருஷம் ஒரே டிரில்தான் எடுத்தேன், ஒரு ஹெட்மாஸ்டரும் கண்டுபுடிக்கல. போர்டு இருக்கட்டும், ஆனா நாளையில இருந்து மாசத்துக்கு ரெண்டரை நாள்தான் லீவு, ஆசானே."

ஆகவே என்னைப் போன்ற முழங்கால்காரர்களே, வானத்தில் கட்டம் பன்னிரண்டாக இருந்தாலும் பூமியில் கால் வைக்க இடம் நாலே நாலுதான், அந்த நாலையும் மழை அழித்தால் மறுநாள் விடியும்போது, மூன்று நாளுக்கென்று வந்து இங்கேயே தங்கிவிட்ட டீச்சர் சுண்ணாம்பு டப்பாவோடும் விசிலோடும் வந்து நிற்கிறார்.