கோட்டைப்பட்டினத்துக்குச் செய்த பெஞ்சுகள்

கல்யாணத்துக்கு முன்பு நான் வளைகுடாவில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். என் மனைவி மேசை, நாற்காலி வடிவமைப்பு படித்தவள். இருவருக்கும் தெரிந்ததைச் சேர்த்தால் ஒரு தொழில் ஆகும் என்று அவள்தான் சொன்னாள். வல்லத்திராக்கோட்டையில் எங்கள் நிலத்தில் தகரக் கொட்டகை போட்டு, பிளாஸ்டிக் கழிவை உருக்கிப் பலகையாக அழுத்தும் மெஷினை அதில் நிறுத்தினோம்.

கழிவு கோட்டைப்பட்டினத்திலிருந்து வந்தது. உடைந்த மீன் பெட்டிகள், ஓட்டை கேன்கள், கரையில் ஒதுங்கிய மூடிகள். மீன் விற்கும் பெண்கள் சேர்த்து வைப்பார்கள். நான் லோடு ஆட்டோவில் போய் அள்ளி வருவேன். கழுவி அரைத்துச் சூட்டில் அழுத்தினால், நீலமும் பச்சையும் திட்டுத்திட்டாகக் கலந்த பலகை வெளியே வரும். முதல் பலகையை அவள் வெகுநேரம் தடவிக்கொண்டு நின்றாள்.

அந்தப் பெண்களுக்குத்தான் முதலில் செய்ய வேண்டும் என்றாள். படகு வரும்வரை அவர்கள் வெயிலில், மணலில்தான் உட்கார்ந்திருப்பார்கள். அவளும் கூடப் போய் உட்கார்ந்தாள். ஒரு காலை மடக்கி, கூடையைப் பக்கத்தில் அணைத்து அவர்கள் உட்காரும் விதத்தைப் பார்த்துவிட்டு வந்து, தாழ்வான, அகலமான, கூடை வைக்க இடம் விட்ட பெஞ்சு ஒன்றை வரைந்தாள். அதே மாதிரியில் சிலவற்றைச் செய்து கரையில் இறக்கினோம். அவர்களில் மூத்தவரான அக்கா ஒருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்துவிட்டு, "எங்களுக்குன்னு ஒக்காந்து பாத்து ஒரு சாமானும் எவரும் செஞ்சதில்லம்மா" என்றார். திரும்பி வரும்போது அறந்தாங்கி வரை என் மனைவி பேசிக்கொண்டே வந்தாள்.

இரண்டாம் கோடையில் அந்த அக்கா போன் செய்தார். "ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்கம்மா. பெஞ்சு மாவா உதிருது."

போனோம். உப்புக் காற்றும் வெயிலும் பெஞ்சுகளை வெளுக்க வைத்திருந்தன. மேலெல்லாம் நூல் நூலாக வெடிப்பு. என் மனைவி விரலால் தேய்த்தாள், விரல் நீலமானது. அக்கா எழுந்து சேலையைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் முழுக்க நீலப் பொடி. "மீன்லயும் ஒட்டுதும்மா. வாங்குறவுக என்னன்னு கேக்குறாக" என்றார், குறையாகச் சொல்லாமல், எங்களுக்காக வருத்தப்பட்டவராக. அதற்குள் காற்று அடித்தது. பெஞ்சின் ஓரத்திலிருந்து பொடி கிளம்பி மணலில் விழுந்தது. அலை வந்து அதைக் கொண்டுபோனது.

அவள் முந்தானையை விரித்து மணலிலிருந்து அதைப் பொறுக்கப் பார்த்தாள். மணலோடுதான் வந்தது. நான் அவள் தோளைத் தொட்டு எழுப்பினேன்.

பெஞ்சுகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். வழியில் ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "பெட்டியா கெடந்தப்ப கையால எடுக்க முடிஞ்சுச்சுங்க. எடுக்கவே முடியாதபடி நாமதான ஆக்கிட்டோம்?"

வெயில் தாங்குவதற்குக் கலக்கும் மருந்து இருக்கிறது என்று கேள்விப்பட்டு வாங்கி வந்து கலந்தேன். புது பிளாஸ்டிக் என்றால் கேட்கும். ஏற்கெனவே பல வருடம் கடலில் காய்ந்தது, எது எதோடு கலந்தது என்றே தெரியாதது, கேட்கவில்லை. கொட்டகைக்கு வெளியே வைத்த துண்டுகளும் வெளுத்தன.

"வீட்டுக்குள்ள போடுற நாற்காலி மட்டும் செய்வோம்" என்றேன்.

"அதையும் ஒருநா வெளிய தூக்கிப் போடுவாங்கள்ல?"

வந்திருந்த ஆர்டர்களை அவளே போன் செய்து வேண்டாம் என்று சொன்னாள். இப்போது திருக்கோகர்ணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். பிள்ளைகளுக்குப் பூவும் மலையும் போட்டுக் கொடுக்கிறாள். வீட்டில் பென்சிலைத் தொடுவதில்லை. நான் அழைத்தாலும் கொட்டகைக்கு வருவதில்லை.

போன மாதம் மெஷினை விற்றேன். வாங்க வந்தவரிடம் பெஞ்சுகளையும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். ஒன்றைக் காலால் தட்டிப் பார்த்தார். மூலை பொலபொலவென்று கொட்டியது. "இத எங்கிட்டுங்க கொண்டுபோயிக் கொட்டுறது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

எரித்தால் ஊரே மூச்சுவிட முடியாது. புதைத்தால் எங்கள் கிணறு பக்கத்தில்தான் இருக்கிறது. கூரை ஓட்டைகளை அடைத்து, பெஞ்சுகளை வெயில் படாத மூலைக்குத் தள்ளி, கொட்டகையைப் பூட்டி வைத்திருக்கிறேன்.