முப்பத்து மூன்றில் ஓடிய பாட்டு

எண்பதுகளில் வெளிவந்து, வந்த வேகத்திலேயே மறக்கப்பட்ட ஆங்கில பாப் பாட்டுகளை இப்போது பலரும் தேடி எடுத்துக் கேட்கிறார்கள். சிந்தசைசரும் டிரம் மெஷினும் வைத்துக்கொண்டு, முகத்தில் சிரிப்பே இல்லாமல் பாடுகிற அந்த வகைக்கு நியூ வேவ் என்று பெயர் என்கிறார்கள். அவற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் அசல் பதிவு எது, நல்ல பிரதி எது என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த நியூ வேவ் பாட்டின் அசலை நான் கேட்டிருக்கிறேன். எனக்கு அது வேண்டாம்.

அந்தப் பாட்டு எனக்குக் கிடைத்தது பூந்தமல்லி பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த ஒரு கேசட் பதிவுக் கடையில். காலி கேசட்டோடு வேண்டிய பாட்டுகளை எழுதிக் கொடுத்தால், கடைக்காரர் இசைத்தட்டிலிருந்து பதிந்து தருவார். முடிந்ததும் கேசட்டின் மேல் கடையின் பெயர் போட்ட மஞ்சள் ஸ்டிக்கரை ஒட்டுவார். அந்த ஸ்டிக்கர் இருந்தால் பதிவு சுத்தமாக இருக்கும் என்று ஆவடி வரை பேச்சு. ஆவடியில் நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸில் பாதி வீடுகளில் அந்த மஞ்சள் இருந்தது.

அவர் ஒருமுறை பர்மா பஜாரிலிருந்து ஒரு பெட்டி நிறைய வெளிநாட்டுத் தட்டுகளை வாங்கி வந்தார். கப்பல்காரர்கள் விற்றுவிட்டுப் போனவை. உறை கிடையாது, பக்கத்துக்கு ஒரே ஒரு பாட்டு. அப்போது நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சிறிய கம்பெனியில் டைப்பிஸ்ட். என் கேசட்டில் கடைசியில் கொஞ்சம் இடம் மீந்திருந்தது. "இதுல ஒண்ணு போட்டுத் தரேன், கேட்டுப் பாரும்மா" என்றார்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். ஓர் ஆண் பாடினான். ஒவ்வொரு சொல்லையும் எடுத்து, பார்த்து, கீழே வைப்பது போன்ற குரல். பின்னால் டிரம் மெஷின், கதவைத் தட்டிவிட்டுத் திறப்பார்களா என்று காத்து நிற்கிறவனைப் போல, ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் இடம் விட்டது. எங்கள் பிளாக்கில் நாங்கள் மூன்று பெண்கள் அந்தக் குரலுக்கு ஓர் உருவமே கொடுத்து வைத்திருந்தோம்: நல்ல உயரம், கறுப்பு, பேசும் முன் தொண்டையைச் செருமுகிறவன். கேசட் அழிந்துவிடக் கூடாது என்று அதன் மேல்விளிம்பில் இருக்கும் இரண்டு சிறிய பிளாஸ்டிக் பற்களையும் உடைத்தேன். பற்கள் இல்லாத கேசட்டில் எந்த ரெக்கார்டரும் பதியாது.

அடுத்த கோடையில் பம்பாயில் வேலை பார்த்த என் அத்தை மகன் விடுமுறைக்கு வந்தார். இரண்டு கேசட் போடுகிற பெரிய டேப் ரெக்கார்டர் ஒன்றையும் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். என் பாட்டைக் கேட்டதும் தரையில் உட்கார்ந்து சிரித்தார்.

"ஏட்டி, இது ஆம்பளை இல்லட்டி. பொம்பள பாடுனது! எந்தப் பேயன் இப்படி இழுத்து வச்சிருக்கான்?"

விஷயம் இதுதான். அந்நாளில் நம் ஊர்க் கடைகளில் ஒரு வழக்கம்: பெரிய தட்டு என்றால் நிமிடத்துக்கு முப்பத்து மூன்று சுற்று, சின்னத் தட்டு என்றால் நாற்பத்தைந்து. நம் சினிமாத் தட்டுகளுக்குப் பெரும்பாலும் அது பொருந்தும். ஆனால் வெளிநாட்டில் ஒற்றைப் பாட்டையே பெரிய தட்டில் போட்டு, நாற்பத்தைந்தில் ஓட விடுவார்கள். எங்கள் கடைக்காரர் தட்டின் அகலத்தைப் பார்த்தார், வேகத்தை முப்பத்து மூன்றுக்குத் தள்ளினார். வேகம் குறைந்து குரல் தடித்ததில் பெண் ஆணாகிவிட்டாள், ஆட்டப்பாட்டு வேறொன்றாகிவிட்டது.

அத்தானிடம் சரியான பதிவும் இருந்தது. போட்டுக் காட்டினார். கீச்சென்ற ஒரு குரல், பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற அவசரத்தில் எதையோ சொல்லிவிட்டு முடித்துக்கொண்டது.

"இதுதான் அசலு. எப்படி?"

"நல்லாத்தான் இருக்கு அத்தான். எனக்கு என்னோடது போதும்."

அவர் விடவில்லை. அன்று மாலை எதிர் வீட்டிலிருந்து, மேல் வீட்டிலிருந்து எல்லாம் ஆட்களைக் கூப்பிட்டு, முதலில் என்னுடையதை, பிறகு தன்னுடையதைப் போட்டார். என்னுடையது ஓடும்போது எல்லோரும் சிரித்தார்கள். என்னோடு சேர்ந்து அந்தக் குரலுக்கு உயரமும் நிறமும் கொடுத்த இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் எழுந்து போகவில்லை. பாட்டு முடியும்வரை உட்கார்ந்து கேட்டேன்.

ஊருக்குக் கிளம்புகிற அன்று கேசட்டை என் கையில் கொடுத்தார்.

"சரி பண்ணிட்டேன், பாத்துக்க."

மேல்விளிம்பைப் பார்த்தேன். நான் பற்களை உடைத்த இரண்டு ஓட்டைகளின் மேலும் செலோடேப் ஒட்டி மூடியிருந்தது. ஓட்டையை மூடிவிட்டால் மறுபடியும் பதியலாம். போட்டேன். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவள் பாடினாள்.

"என்ன அத்தான் பண்ணி வச்சிருக்கீக?"

"தப்பத் திருத்திக் குடுத்ததுக்கு எவளாவது சண்டைக்கு வருவாளா?"

"திருத்தச் சொல்லி உங்ககிட்ட யாரு கேட்டா?"

"ஒரு பாட்டுக்காடீ மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்றார் அம்மா உள்ளே இருந்து. "அவன் ஆசையாத்தான செஞ்சான்."

ஆசையாகத்தான் செய்தார். அதை நான் அன்றும் மறுக்கவில்லை. ஆனால் அவர் வண்டி ஏறியதும் நான் பூந்தமல்லிக்கு பஸ் ஏறினேன். அந்தத் தட்டை அதற்குள் யாராவது வாங்கிப் போயிருந்தால் அந்தக் குரல் எனக்கு வேறெங்கேயும் கிடைக்காது. அசலை எந்த ஊரிலும் வாங்கலாம். இதை வாங்க முடியாது.

தட்டு இருந்தது.

"இன்னாம்மா, மறுபடியும் அதே பாட்டா? அந்தக் கேசட்டு இன்னா ஆச்சு?"

"அழிஞ்சுபோச்சுண்ணே. அதே மாதிரி வேணும். முப்பத்து மூணுல."

அவர் தட்டை டியூப் லைட்டுக்கு நேரே சாய்த்து, நடுவில் இருந்த எழுத்தைப் படித்தார். முகம் மாறிவிட்டது.

"அய்ய, நாப்பத்தஞ்சுன்னு போட்டுகீது. பெரிய தட்டாச்சேன்னு நான் பாக்கவே இல்லம்மா. குடு, கரெக்டா பதிஞ்சு தரேன். துட்டு வேணாம்."

"கரெக்டா வேணாம்ண்ணே. முன்னாடி குடுத்தது வேணும்."

"அதெப்படி? தெரியாம செஞ்சது ஒரு கணக்கு. தெரிஞ்சே செஞ்சா? பூந்தமல்லிக்காரனுக்கு ஸ்பீடு கூட தெரியலன்னு நாளைக்கு எவனாச்சும் சிரிப்பாம்மா."

"ஏற்கெனவே என்னைப் பாத்துச் சிரிச்சாச்சு. நான் நல்லாத்தான் இருக்கேன்."

பக்கத்தில் தன் கேசட்டுக்காக ஓர் ஆட்டோக்காரர் காத்திருந்தார். அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னா நைனா, அந்தப் பொண்ணு தோசையக் கருக்கிக் குடுன்னு கேக்குது. கருக்கிக் குடேன். துன்னப்போறது அதுதானே?"

"கருகுன தோசை மேல என் பேரு ஒட்டிகினு போகுதே மாமே!"

"அப்போ உங்க ஸ்டிக்கரை ஒட்டாதீங்க" என்றேன்.

கடைக்காரர் கையை நீட்டினார். காலி கேசட்டை வாங்கிக்கொண்டார். அப்புறம் ஒரு சமரசத்துக்கு வந்தார்.

"சரி, ஒரு பக்கம் கரெக்டா போடறேன். இன்னொரு பக்கம் உன் இஷ்டம்."

"ரெண்டு பக்கமும் முப்பத்து மூணு."

"ஊர்ல இல்லாத பொண்ணும்மா நீ."

அந்தக் காலத்துப் பதிவில் குறுக்குவழி கிடையாது. பாட்டு ஓடுகிற நேரம் முழுக்கக் கடையும் காத்திருக்க வேண்டும். வழக்கமாக ஹெட்போனில்தான் கேட்பார். அன்று என்னை வெட்கப்படுத்த நினைத்தாரோ என்னவோ, கடை ஸ்பீக்கரில் திறந்துவிட்டார். என் ஆள் தொண்டையைச் செருமிவிட்டுப் பாட ஆரம்பித்தான்.

"யாரு மாமே இவன், தூக்கத்துல பாடறான்?" என்றார் ஆட்டோக்காரர். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் முடிலயா?" என்றார். மறுபடியும் கேட்டார். ஆனால் போகவில்லை. கேசட்டில் ஸ்டிக்கர் இல்லை. பற்களை அங்கேயே, கடைக்காரரின் கவுன்ட்டரில் வைத்து உடைத்தேன். வீட்டில் அதை அலமாரியில் பூட்டி வைத்தேன்.

கல்யாணமாகித் திருநின்றவூருக்கு வந்த பிறகும் அந்தக் கேசட் என்னோடு வந்தது. தொண்ணூறுகளில் வீட்டுக்கு வரும் உறவுக்காரர்கள் எல்லோரும் கேசட்டை விட்டு சிடிக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். அத்தானும் ஒருமுறை அந்தப் பாட்டு இருக்கும் சிடியைக் கொண்டுவந்து தந்தார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். அதன் உறை இன்றுவரை பிரிக்கப்படவில்லை.

ஒரு நாள் பூந்தமல்லியில் இறங்கியபோது கடை பாதி காலியாக இருந்தது. கேசட் பதிய யாரும் வருவதில்லை. இடத்தை மொபெட் உதிரிபாகக் கடைக்கு விடப்போவதாகக் கடைக்காரர் சொன்னார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார்.

"முப்பத்து மூணு! எப்டிகீறே? உனக்கு ஒண்ணு சொல்லணும்மா. சும்மா குந்திகினு இருந்த நேரத்துல, அந்தப் பொட்டில இருந்த தட்டு எல்லாத்தையும் உன்னாட்டம் மெதுவா வுட்டுப் பாத்தேன். ஒண்ணும் தேறல. எருமை கத்தறா மாதிரி கீது. உன் பாட்டு ஒண்ணுதான் நின்னுச்சு."

இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சான்றிதழ். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் சந்தோஷம் முடிவதற்குள் கோபம் வந்துவிட்டது. மற்ற பாட்டுகளைத் தள்ளிவிட இவர் யார்?

"பெட்டியைக் குடுங்கண்ணே."

ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். ரெக்கார்ட் பிளேயரின் வேக நெம்புகோலை நானே முப்பத்து மூன்றுக்குத் தள்ளி, ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டேன். பெரும்பாலானவை எருமைதான்; பொய் சொல்ல மாட்டேன். நடு எழுத்து சுரண்டிப்போன ஒரு தட்டு வந்தது.

"அதுவா? எருமைக்கு அண்ணன்" என்றார்.

முதலில் வெறும் முனகல். அப்புறம் அடியிலிருந்து ஒரு கிட்டார், கனமான பீரோவை இரண்டு பேர் அலுங்காமல் நகர்த்துவது போல, மெல்ல மெல்ல முன்னால் வந்தது.

"தேறாதும்மா, எடுத்துடு."

"முழுசா ஓடட்டும்ண்ணே."

முழுசாக ஓடியது. "இதைக் கேசட்ல ஏத்துங்க" என்றேன்.

முணுமுணுத்துக்கொண்டே ஏற்றினார். முடித்துக் கொடுக்கும்போது, மிச்சமிருந்த மஞ்சள் ஸ்டிக்கர்களை இழுப்பறையிலிருந்து எடுத்தார்.

"இதுக்கு ஒட்ட மாட்டேன். ஆனா உன் பழைய கேசட்ட கொண்டா, அதுக்கு ஒட்டித் தரேன். அது ஒட்டலாம், தப்பில்ல."

"ரெண்டுக்கும்னா ஒட்டுங்க. இல்லேன்னா ரெண்டுக்கும் வேணாம்."

அவர் ஒரு ஸ்டிக்கரை அந்தக் கேசட்டின் மேல் வைத்துப் பார்த்தார். பிறகு ஸ்டிக்கரை இழுப்பறையிலேயே போட்டு மூடினார். நான் பற்களை உடைத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன். இரண்டு கேசட்டும் இப்போது என் அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, மேலே எதுவும் ஒட்டாமல்.