சேலை போர்த்திய படம்

காமாட்சியின் கையிலிருந்து சோற்றுக் கரண்டி விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை. விழுந்ததையே கவனிக்காதவள் போல நின்றாள். ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து பார்த்தேன். அவளுடைய வாயின் வலது ஓரம் தொங்கியிருந்தது. "என்ன?" என்று கேட்டேன். பேச முயன்றாள். "அங்கிட்டு" என்றாள். மறுபடியும் "அங்கிட்டு". அதற்குப் பின் அவள் உயிரோடிருந்த ஒன்றரை வருடமும் அவளிடம் மிஞ்சியிருந்த சொல் அது ஒன்றுதான்.

பேச்சிழந்த ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு படத்தாளைக் கொண்டு என் மனைவியோடு பேச வழி கண்டேன். அதே தாளைக் கொண்டு அவள் வாயை இன்னொரு முறை அடைத்தேன். முதலாவதை மட்டும் பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

புதுக்கோட்டை சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து அப்போது சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் சர்வே பிரிவில் படம் வரையும் டிராப்ட்ஸ்மேன். காமாட்சிக்கு முப்பத்து நாலு வயது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்தோம். சிறுவயதில் அவளுக்கு வந்த மூட்டுக் காய்ச்சல் இதய வால்வைச் (இதயத்துக்குள் ரத்தம் ஒரே பக்கமாகப் போவதற்கான கதவு) சுருக்கிவிட்டது என்றும், அங்கே உறைந்த ரத்தத் துணுக்கு ஒன்று மூளைக்குப் போய் அடைத்துக்கொண்டது என்றும் டாக்டர் சொன்னார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கூடவே பேச்சிழப்பு (மூளையில் சொற்களை எடுத்துக் கொடுக்கும் பகுதி சேதமாவது).

"நாம பேசுறது அவங்களுக்குப் புரியுது. பதிலும் மனசுல இருக்கு. வெளிய வர்ற வழிதான் அடைஞ்சுபோச்சு" என்றார் டாக்டர்.

"எழுதிக் காட்டச் சொல்லலாங்களா?"

"எழுத்தும் அதே வழியாத்தானே வரணும்? படம் ஏதாவது போட்டுக் காட்டிப் பாருங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. ஆமாங்கிறதும் இல்லைங்கிறதும் இவங்களுக்கு மாறி மாறி வரும். தலையாட்டுறத நம்பாதீங்க. விரல் எங்க போகுதோ, அத நம்புங்க."

அவளைக் குளிப்பாட்டவும் சமைக்கவும் என் அக்கா செல்லம்மாள் கந்தர்வக்கோட்டையிலிருந்து வந்துவிட்டாள். தன்னுடைய முந்திரித் தோப்பைக் கொழுந்தனாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

ஆபீசில் அந்த வாரம் ஒரு கண்மாயின் பாசனப் படத்தை வரைந்துகொண்டிருந்தேன். நடுவில் கண்மாய். அதிலிருந்து மடைகள், மடைகளிலிருந்து வாய்க்கால்கள், வாய்க்கால்களிலிருந்து வயல்கள். எந்த வயலில் விரலை வைத்தாலும் தண்ணீர் வந்த வழியே கண்மாய்க்குத் திரும்பிவிடலாம். ஒரு மனிதரின் தேவைகளையும் இப்படி வரையலாமே என்று தோன்றியது.

வீட்டில் ஒரு பழுப்புத் தாளின் நடுவில் காமாட்சியின் முகத்தை வரைந்தேன். அதிலிருந்து நாலு கிளைகள்: உடம்பு, சாப்பாடு, வீடு, ஆட்கள். சாப்பாட்டுக் கிளையில் கஞ்சி, சோறு, ரசம், மோர். ஆட்கள் கிளையில் அக்காவும் நானும். உடம்புக் கிளையில் கோட்டுருவமாக ஒரு மனித உடல். தாளின் ஓரத்தில் விலக்கித் தள்ளும் ஒரு கை. அதற்கு வேண்டாம் என்று பொருள்.

முதல் நாள் அவள் இடது கை விரலைக் கஞ்சியில் வைத்தாள். பிறகு அதை மெல்ல இழுத்துக்கொண்டு போய் அந்தத் தள்ளும் கையில் வைத்தாள்.

அக்கா இடுப்பில் கைவைத்து நின்றாள். "அடி ஆத்தா, ஒரு மாசமா மடக்கு மடக்குன்னு குடிச்சியேடி. பிடிக்கலேன்னா அன்னைக்கே என் மூஞ்சியில ஊத்தியிருந்தா எனக்கு வெளங்கியிருக்குமே."

காமாட்சி பாதி முகத்தால் சிரித்தாள். நோய் வந்தபின் அவள் சிரித்தது அப்போதுதான்.

அடுத்த ஆறு மாதம் எங்கள் வீட்டில் பேச்சு இருந்தது. தலைவலி, தாகம், ஜன்னலைத் திற, அவர் எங்கே, எல்லாம் விரலால் வந்தன. எனக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. வெளியூர் வேலைக்குப் போகுமுன் நடுவில் ஊர்ப்பெயரை எழுதி, அளக்கவேண்டிய கற்கள், தகராறுள்ள எல்லைகள், பஸ் நேரம் என்று கிளை பிரித்துக்கொள்வேன். பட்டியல் போட்டபோது மறந்தவை படத்தில் மறக்கவில்லை. "என்ன சார், ஆபீசுக்கும் வாதம் வந்துருச்சா, படம் போட்டுப் பேசுறீங்க?" என்று பக்கத்து மேஜைக்காரர் கேலி செய்தார். ஒரு மாதத்தில் அவரும் போட ஆரம்பித்தார்.

எனக்குப் பெருமை வந்தது. நடந்த எல்லாவற்றுக்கும் வேர் அதுதான்.

காமாட்சிக்கு வண்டிப் பயணம் ஆகாது என்பதால் மாதம் ஒருமுறை மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்கு நான் மட்டும் போவேன். ஒருமுறை படத்தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். டாக்டர் வெகுநேரம் பார்த்தார். வார்டில் மாட்டிவைக்க ஒரு நல்ல பிரதி தரமுடியுமா என்று கேட்டார்.

படம் நகலெடுக்கும் டிரேசிங் துணியில் மசியால் இரண்டு பிரதிகள் வரைந்தேன், ஆஸ்பத்திரிக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. நாலு பேர் பார்க்கப்போகும் படம். வெற்று உடலை அப்படியே விடக் கூச்சமாக இருந்தது. கழுத்திலிருந்து கணுக்கால்வரை சேலை போர்த்தினேன். மடிப்புகளை ஒவ்வொன்றாக இழுத்தேன். தலை, வயிறு, தோள், கை, கால் என்ற இடங்களுக்குச் சிறு வட்டம் போட்டேன். மார்புக்குப் போடவில்லை. பழைய தாளை அடுப்பில் போட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மசி காய்ந்துகொண்டிருந்தபோது காமாட்சி காலை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். என் பென்சிலை இடது கையால் எடுத்தாள். சேலை மடிப்பின் மேல், மார்பின் வலப்பக்கத்தில், ஒரு புள்ளி வைத்தாள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. முடித்த படத்தில் வேறொரு கை கோடு போட்டால் அது குற்றம். எல்லையைத் தள்ளிக் காட்ட யாரோ செய்த வேலை என்றுதான் எங்களுக்கு முதலில் தோன்றும். ரப்பரை எடுத்துப் புள்ளியை அழித்தேன்.

"காமாட்சி, ஆஸ்பத்திரிக்குப் போற படம் இது. கெடுத்துராத."

"அங்கிட்டு" என்றாள்.

அவள் விரலைப் பிடித்துத் தோளில் இருந்த வட்டத்தில் வைத்தேன். "தோளா?" இல்லை என்று தலையாட்டினாள். பிறகு ஆமாம் என்று ஆட்டினாள். நான் இரண்டாவதை எடுத்துக்கொண்டேன். விழுந்த கையின் தோளில் வலி வருவது சகஜம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்று மாலையே தைலம் வாங்கிவந்து தேய்த்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து வீட்டுப் பிரதியில், அதே இடத்தில், மறுபடி புள்ளி. மறுபடி அழித்தேன். அந்த வாரம் அக்கா என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "தம்பி, குளிப்பாட்டும்போது ரவிக்கையக் கழட்ட விடமாட்டேங்குறா. மாருகிட்ட என்னமோ நோகுது போல. நானா எப்படிப் பாக்குறது?"

"தோள் வலிதான்க்கா. தைலம் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றேன்.

மூன்றாம் முறை அவள் பென்சிலை அழுத்திய அழுத்தத்தில் துணி கிழிந்தது. எனக்குக் கோபம் வந்தது. எழுந்து போனேன். அந்த வாரமே அப்பழுக்கில்லாமல் புதிய பிரதி ஒன்று வரைந்து மாட்டினேன். பென்சிலை அவள் கைக்கு எட்டாத பரணில் வைத்தேன். அதன் பிறகு அவள் உடம்புக் கிளையைத் தொடவே இல்லை. வலி குணமாகிவிட்டது என்று அக்காவிடம் சொன்னேன்.

முதல் புள்ளியிலிருந்து நாலு மாதம் ஆனபோது, துவைக்கப்போன ரவிக்கையை அக்கா என் முன்னால் கொண்டுவந்து விரித்தாள். வலப்பக்கத்தில் ரத்தமும் சீழுமாகக் கறை.

டாக்டர் வீட்டுக்கே வந்தார். அக்காவை உடன் வைத்துக்கொண்டு பார்த்தார். வெளியே வந்து கை கழுவும்போது, "எத்தனை நாளா இருக்கு இது?" என்றார்.

"தெரியலீங்க" என்றேன்.

அக்கா வாசற்படியில் நின்றிருந்தாள். "நாலு மாசமா அவ காட்டிக்கிட்டுத்தாங்க இருந்தா" என்றாள்.

டாக்டர் சுவரில் இருந்த புதிய படத்தின் அருகே போனார். "இதுல உடம்பு எங்கேங்க இருக்கு?" என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. தன் வார்டில் மாட்டியிருந்த பிரதியை அவர் மறுநாளே கழற்றிவிட்டார் என்று பின்னால் தெரிந்தது.

மார்புப் புற்று. அக்குளின் நிணநீர்க் கணுக்களுக்கும் (கிருமிகளை வடிகட்டும் சிறு முடிச்சுகள்) பரவியிருந்தது. பயணம் ஆகாதென்று தெரிந்தும் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனோம். அவள் இதயம் மயக்க மருந்தைத் தாங்காது, தாங்கினாலும் வெட்டி எடுக்கும் கட்டத்தைத் தாண்டிவிட்டது என்றார்கள். முதல் புள்ளியின்போதே வந்திருந்தால் என்று கேட்டேன். அந்த டாக்டர் நேர்மையானவர். "அப்பவும் ஆபத்துதான். ஆனா யோசிக்க இடம் இருந்திருக்கும்" என்றார்.

வீடு திரும்பி இன்னொரு தாளில் முழு உடலை முன்னும் பின்னுமாக வரைந்தேன். துணி எதுவும் இல்லை. மற்ற கிளைகளைப் பழையபடி போட்டு, புதிதாக ஒரு கிளையை வெறுமையாக விட்டேன். பென்சிலை நூலில் கட்டி அவள் கையருகே தொங்கவிட்டேன். நீங்கள் படத்தாள் போடுவதாக இருந்தால் முதல் நாளே இப்படிப் போடுங்கள். அவர்கள் போடும் கோடு உங்கள் படத்தைக் கெடுத்தால், படம் தவறாக இருந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பரை வீட்டில் வைக்காதீர்கள்.

அவள் அந்த வெற்றுக் கிளையை ஒருமுறைதான் பயன்படுத்தினாள். வரிசையாகச் சிறு கோடுகள் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். எத்தனை நாள் என்று கேட்கிறாள் என்பது எனக்கு உடனே புரிந்தது. புரியாதது போல் இருந்துவிட ஒரு கணம் ஆசைப்பட்டேன். பிறகு, டாக்டர் சொன்னபடி, மாதத்துக்கு ஒன்றாக ஆறு நிலா வரைந்தேன். அவள் ஒவ்வொன்றாக எண்ணினாள். மூன்றாவது நிலாவிலிருந்து அக்காவின் படத்துக்கு ஒரு கோடு இழுத்து, வாசலைக் காட்டி, "அங்கிட்டு" என்றாள்.

மூன்றாவது நிலா பங்குனி. முந்திரி விழத் தொடங்கும் மாதம். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "என்னைய வெரட்டுறதுலயே குறியா இருக்கா பாரு. முந்திரி கெடக்கட்டும், போடி."

கடைசி நாட்களில் எங்கே வலிக்கிறது, எப்போது ஊசி வேண்டும் என்பதை அவள் விரல்தான் சொன்னது. நான் ஒரு முறைகூட விரலை நகர்த்தவில்லை. ஏழாவது நிலாவின் தேய்பிறையில், பகல் பதினோரு மணிக்குப் போனாள். அக்கா முப்பது நாள் இருந்துவிட்டுக் கந்தர்வக்கோட்டைக்குப் போனாள். பஸ் ஏறும்போது, "ஒன்னையக் கொற சொல்லலடா, நானும் பாக்கலையே" என்றாள். அவள் தன்மேல் ஏற்றுக்கொண்டது என் பங்கு. அதை அப்போது நான் மறுத்துச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அவள் என்னிடம் சொன்னாள், நான் கேட்கவில்லை.

எனக்கு எண்பது நெருங்குகிறது. குளிக்கும்போது துணி முழுவதையும் களைந்துவிட்டு, தலை முதல் பாதம்வரை கையால் தடவிப் பார்க்கிறேன். நோய் பயத்தால் அல்ல. உடம்பு என்பது மூடியிருக்கும் இடத்தில்தான் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு அவ்வளவு விலை ஆயிற்று. மனிதர்கள் என்னோடு பேசும்போது இன்றும் என் கண் அவர்கள் முகத்தைவிட்டுக் கைக்குப் போய்விடுகிறது.

காலம்தான் எனக்கு ஒழுங்காக நகர்வதில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன், பல் விழுந்தது, அக்காவும் போய்விட்டாள். அவையெல்லாம் எங்கோ பக்கவாட்டில் நடந்தவை போலிருக்கின்றன. விழிக்கும் நேரத்தில், காலண்டரில் எந்தக் கிழமையாக இருந்தாலும், அவள் புள்ளி வைத்த அந்த மூன்று நாட்களில் ஏதாவது ஒன்றில் நான் இருக்கிறேன். மசி காய்ந்துகொண்டிருக்கிறது. காமாட்சி காலை இழுத்துக்கொண்டு வந்து உட்கார்கிறாள். இடது கை பென்சிலை நோக்கி நீள்கிறது. இன்னும் நேரம் இருக்கிறது.