காற்றுக்கு விட்டுப் பழகிய கை

மதுரை உள்ளரங்கில் கூடைப்பந்து இறுதிப் போட்டி முடிய இன்னும் சில நொடிகள்தான். நாங்கள் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். பந்து என் கையில். முன்வரிசையில் சென்னைக் கல்லூரி ஒன்றின் பயிற்சியாளர் உட்கார்ந்திருந்தார். விளையாட்டு ஒதுக்கீட்டில் அவரிடம் இருந்தது ஒரே ஓர் இடம். அது கிடைக்காவிட்டால் என் வீட்டில் மேலே படிக்க அனுப்ப மாட்டார்கள். என் தோழி வீட்டிலும் அதே கதைதான்.

அந்தத் தோழிதான் மூலையில், தூரத்தில் நின்று கையை நீட்டிப் பந்தைக் கேட்டாள். எங்கள் கோச்சும் அவளிடம் கொடுக்கச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினார். தூரத்திலிருந்து எறிவதில் எங்கள் ஊரில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் அன்று அவள் எறிந்த பந்தெல்லாம் வளையத்தின் இடப்பக்கமே இடித்துத் திரும்பியது. பதற்றம் என்றார் கோச். பதற்றமாவது, மண்ணாவது.

எங்கள் மைதானம் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில், திறந்தவெளியில் இருக்கிறது. உப்புக்காற்று ஒரு வளையத்தை அரித்துத் தின்றுவிட, மிச்சமிருந்த ஒன்றில்தான் வருடக்கணக்காக எறிந்தோம். சாயங்காலக் கடல்காற்று பந்தை வலப்பக்கம் தள்ளும். அதனால் சற்று இடப்பக்கம் விட்டு எறிந்தே பழகிய கைகள் எங்களுடையவை. மதுரையில் நான்கு பக்கமும் சுவர். காற்று இல்லை என்பது கைக்குத் தெரியவில்லை. முதல் பாதியிலேயே இது புரிந்து நான் தூரத்திலிருந்து எறிவதை விட்டுவிட்டேன். அவளிடமும் சொன்னேன். கேட்டால்தானே.

நான் கொடுக்கவில்லை. பந்தைத் தட்டிக்கொண்டு நேராக உள்ளே பாய்ந்தேன். அவளை மறித்து நின்றவளும் என்னைத் தடுக்க ஓடி வந்தாள். கேட்டது கிடைக்காவிட்டால் தேடி வந்து பிடுங்குகிறவள் என் தோழி. கோபத்தில் வளையத்தை நோக்கி வருவாள் என்று தெரியும். வந்தாள். பந்தைத் தரையில் அடித்து அவள் கைக்கு அனுப்பினேன். வளையத்துக்கு அடியில் காற்றுக் கணக்கே கிடையாது. போட்டாள். மணி அடித்தது.

எல்லோரும் அவளைத் தூக்கிக் கொண்டாடினார்கள். கல்லூரிப் பயிற்சியாளர் என்னிடம் வந்து, மூலையில் கேட்டபோது ஏன் தரவில்லை என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அந்த இடம் எனக்குக் கிடைத்தது.

திரும்பும் பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் உட்காரவில்லை. எனக்கு அழுகையாக வந்தது. தூத்துக்குடியில் இறங்கியதும் கடல்காற்று முகத்தில் அடித்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் காற்று வந்த பக்கம் திரும்பினாள்.

"இங்கனன்னா அந்த மூலைப் பந்து விழுந்திருக்கும்ளா," என்றாள்.

விழுந்திருக்கும் என்றேன். அது பொய்யில்லை.