மாதாவை நிழலில் வைத்துவிட்டு

ஆஸ்பத்திரி வாசல் மணலில் கழற்றிவிட்ட செருப்புகள்தான் முதலில் ஞாபகம் வருகின்றன. ரப்பர் செருப்புகள், வார் அறுந்து ஊக்குக் குத்தியவை, நடுவே புதிதாக வாங்கிய தோல் செருப்பு ஒரு ஜோடி. உச்சி வெயிலில் மணல் கொதித்தது. ஒருவனைக் கொல்ல வந்த கூட்டம், வந்த வேகத்தில் நின்று, செருப்பைக் கழற்றி, கையிலிருந்த துடுப்பையும் கத்தியையும் தாழ்த்தி, நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டது. அப்பாடா, இனி ஒன்றும் நடக்காது என்று நான் நினைத்தேன். சிஸ்டரும் அப்படித்தான் நினைத்தார். பக்தி இருக்கிற இடத்தில் இரக்கமும் இருக்கும் என்று எந்த மடையன் சொன்னானோ, அவனை நாங்கள் இரண்டு பேருமே நம்பியிருந்தோம்.

சிஸ்டர் என்று நான் சொல்வது, கோவளத்துக்கும் திருவிடந்தைக்கும் நடுவே ஒரு குப்பத்தில் சின்ன ஆஸ்பத்திரி நடத்திய கன்னியாஸ்திரியை. நர்ஸ் படிப்புப் படித்தவர். நான் அவருடைய வேன் டிரைவர். திருப்போரூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம் எங்களுடையது. நிலமெல்லாம் மனையான பிறகு வீட்டில் எல்லோரும் ஸ்டியரிங்கைப் பிடித்தோம். விபூதி வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போவேன். வண்டியை எடுக்கும்போது நான் "முருகா" என்பேன், பின் சீட்டில் அவர் சிலுவை போடுவார். "ரெண்டு பேர்ல யாரு ஃப்ரீயா இருக்காங்களோ அவங்க பாத்துக்கட்டும்" என்பார். சாதுவான கன்னியாஸ்திரியைக் கற்பனை செய்யாதீர்கள். குடித்துவிட்டு மண்டையை உடைத்துக்கொண்டு வருகிறவனுக்குத் தையல் போடும்போது, ஊசியைவிட அவர் வாய்தான் அதிகம் குத்தும். ஆனால் கொரோனா நேரத்தில் பெற்ற பிள்ளைகளே எட்டி நின்ற கிழவர்களுக்கு, வாசல் வாசலாகக் கஞ்சி கொண்டுபோய் வாயில் ஊற்றியவரும் அவர்தான். அந்தக் குப்பத்தில் அவருக்குக் கடன்படாத உடம்பு இல்லை என்று நான் சொல்லுவேன்.

சண்டை வலையால் வந்தது. தெற்கே இருந்த குப்பத்துக்காரர்கள் சுருக்குமடி வலை போட ஆரம்பித்தார்கள். குஞ்சு குளுவான் எல்லாவற்றையும் சேர்த்து வாரிக்கொண்டு போகிற வலை அது. எங்கள் குப்பத்தில் எல்லோரும் சின்ன வலைக்காரர்கள். அவர்களுக்குக் கடலில் மிச்சம் என்று எதுவும் இல்லாமல் போயிற்று. இரண்டு குப்பமும் ஒரே மாதாவுக்குத் திருவிழா எடுக்கிறவை, ஒன்றுக்கொன்று பெண் கொடுத்து எடுத்தவை. பஞ்சாயத்துப் பேசிப் பார்த்தார்கள், ஆகவில்லை. ஒரு நாள் காலையில் கடலிலேயே மோதிக்கொண்டார்கள். ஃபைபர் படகால் ஃபைபர் படகை இடித்தார்கள். எங்கள் கோயில்பிள்ளையின் தம்பி தண்ணீரில் விழுந்து, இரண்டு படகுக்கும் நடுவில் சிக்கி, நெஞ்சு நொறுங்கிச் செத்தான். கோயில்பிள்ளை என்றால் பூசைக்கு மணியடித்து, மெழுகுவத்தி ஏற்றி, கோயிலைப் பார்த்துக்கொள்கிறவர். அவர் தினமும் பெருக்கித் துடைக்கிற பீடத்துக்கு முன்னால் அவர் தம்பியின் உடம்பைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். அவர் அழவில்லை. தம்பியின் மூக்கில் வழிந்த நுரையைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் தெற்குக் குப்பத்து வாலிபன் ஒருவன், கவிழ்ந்த படகைப் பிடித்தபடி எங்கள் கரையில் ஒதுங்கினான். அடிவயிற்றில் கத்தி பாய்ந்திருந்தது. அவன் அலையில் புரளும்போது மணலும் ரத்தமுமாகக் குடல் வெளியே தெரிந்தது. கரையில் நின்ற யாரும் நகரவில்லை. சிஸ்டர் உடுப்போடு தண்ணீரில் இறங்கி அவன் அக்குளில் கை கொடுத்து இழுத்தார். பக்கத்தில் நின்ற ஒருத்தி கத்தினாள்.

"இன்னா சிஸ்டரே, நம்ப வூட்டுப் பொணம் கோயில்ல கெடக்குது, நீ அந்தக் கொலகாரப் பயல தூக்கிகினு கீற?"

"அங்க கெடக்கறவன் செத்துட்டான்மா. இவன் இன்னும் சாவல. காலப் புடி."

அவள் பிடிக்கவில்லை, நான் பிடித்தேன். அவன் கொன்றதை யாரும் பார்க்கவில்லை. தெற்குக்காரன் என்பதே போதுமானதாக இருந்தது.

குடலை உள்ளே தள்ளக்கூடாது என்று சொல்லி, சலைனில் நனைத்த துணியை அதன்மேல் பரப்பிக் கட்டினார் சிஸ்டர். உடனே செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பிழைப்பான், தாமதித்தால் சாவான் என்றார். ஆனால் குப்பத்திலிருந்து மெயின் ரோட்டுக்குப் போகிற ஒரே பாதையில் படகை இழுத்துப் போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். போன் போட்டு வரவழைத்த ஆம்புலன்சைக் கல்லடித்துத் திருப்பி அனுப்பினார்கள். போலீஸ் தெற்குக் குப்பத்தில் எரிகிற படகுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. அவன் கட்டிலில் கிடந்து "தண்ணி, தண்ணி" என்றான். தண்ணீர் கொடுக்கக்கூடாது. ஈரத் துணியால் உதட்டைத் துடைத்துவிட்டார். வெளியே சத்தம் கிட்டத்தில் கேட்க ஆரம்பித்தது.

சிஸ்டருக்கு அந்த யோசனை அப்போதுதான் வந்தது. திருவிழாவுக்குத் தூக்குகிற மாதா சொரூபம் எங்கள் ஆஸ்பத்திரி முன்னறையில்தான் இருக்கும். கோயில் கூரை ஒழுகுகிறது என்று அங்கே வைத்திருந்தார்கள். அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாதா தெருவில் இறங்கி நின்றுவிட்டால் யாரும் குரலை உயர்த்த மாட்டார்கள், செருப்புக் காலோடு குறுக்கே போக மாட்டார்கள், புருஷன் பெண்டாட்டி சண்டைகூட அப்படியே நின்றுபோகும். நானே பார்த்திருக்கிறேன். "புடிப்பா, அம்மாவ வாசல்ல வெச்சிருவோம். அவங்களத் தாண்டி எவனும் வரமாட்டான்" என்றார். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, மரப்பீடத்தோடு இழுத்து, வாசலை அடைத்தாற்போல் வைத்தோம். சிஸ்டர் மாதாவின் பாதத்தைத் தொட்டு முத்தமிட்டுவிட்டு உள்ளே போனார்.

கூட்டம் வந்தது. முன்னே சொன்னேனே, செருப்பைக் கழற்றியது. சில பேர் முழங்கால் போட்டார்கள். கோயில்பிள்ளை மட்டும் எழுந்து முன்னால் வந்தார். சொரூபத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு திரும்பி, பூசைக்கு ஏற்பாடு செய்கிற அதே குரலில் சொன்னார்: "அம்மாவுக்கு வெயில் அடிக்குது. கொட ஒண்ணு கொண்டாங்கடா."

குடை வந்தது. அடிக்கக் கொண்டுவந்த துடுப்புகளைப் பீடத்தின் அடியில் கொடுத்து, நான்கு பக்கமும் தோள் கொடுத்துத் தூக்கினார்கள். ஒருத்தன் குடை பிடித்தான். "பாத்து, பாத்து, சாயாம" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். யாரோ பழக்க தோஷத்தில் மன்றாட்டு மாலையை ஆரம்பிக்க, மற்றவர்கள் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொன்னார்கள். வெறுங்காலோடு கொதிக்கிற மணலில் நடந்துபோய், கோயில் தாழ்வாரத்து நிழலில் இறக்கி, முகம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து கோயில் கூப்பிடு தூரம்கூட இல்லை. கோயில்பிள்ளை சொரூபத்திடம் சொன்னது எனக்கே கேட்டது. "அம்மா, நீ இத்தப் பாக்க வேணாம்."

சிஸ்டர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் அப்படிச் செத்துப்போய் அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரு நொடிதான். "வழி மறிச்சவனுங்களும் இங்க வந்துட்டானுங்க. ரோடு காலிதான், வண்டிய எடு" என்றார். குறுக்கே படகு கிடந்தால் வண்டியை மணலில் இறக்கி ஓட்டிக்கொள்ளலாம் என்று நானும் துணிந்தேன். ஸ்ட்ரெச்சரைப் பின்வாசல் வழியாக வேனில் ஏற்றினோம். நான் முன்னால் ஓடிச் சாவியைத் திருகினேன். அதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள். செருப்பைக்கூட மாட்டிக்கொள்ளவில்லை.

என் முதுகுக்குப் பின்னால் நடந்ததை நான் காதால்தான் அறிவேன். கண்ணாடி உடைகிற சத்தம். "தள்ளு சிஸ்டரே, தள்ளு!" என்று ஒரு குரல். துடுப்பு இறங்குகிற சத்தம், அதோடு எலும்பு முறிகிற சத்தம். பச்சை மரக்கிளையை முழங்காலில் வைத்து ஒடிக்கிறபோது வருமே, அதே சத்தம். சிஸ்டர் கத்தவில்லை, மூச்சை மட்டும் இழுத்தார். அது அவர் வலது கை, அவன் தலைக்குக் குறுக்கே நீட்டியது. இரண்டாவது அடியைத் தடுக்க அவரிடம் கை இல்லை. அது அவன் தலையிலேயே விழுந்தது. நான் கியரைப் போட்டு, பின்கதவு திறந்தபடியே, யார் மேல் மோதினாலும் மோதட்டும் என்று வண்டியைக் கிளப்பினேன். கற்கள் கூரையில் விழுந்துகொண்டே இருந்தன.

கோவளம், கேளம்பாக்கம், திருப்போரூர். வழி முழுக்க ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. திருப்போரூர் தாண்டியதும் பின்னால் ஜெபம் சொல்கிற குரல் கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன். அவன் தலை அவர் மடியில் இருந்தது. இடது கையால் அவன் கண்களை மூடிக்கொண்டிருந்தார். வலது கை, வேறு யாருடைய கையோ போல் தொங்கியது. நான் பிரேக்கை மிதித்தேன்.

"ஏன் நிறுத்தற? ஓட்டு. செத்துட்டான்னு டாக்டர்தான் சொல்லணும், நாம சொல்லக் கூடாது."

டாக்டர் சொன்னார். அதற்குப் பிறகுதான் சிஸ்டர் தன் கையைக் காட்டினார். அறுவை சிகிச்சை செய்தும் அந்தக் கை மடங்கவில்லை. ஒரு ஸ்பூனைப் பிடிக்கக்கூட ஆகவில்லை. கட்டிலில் படுத்தபடி என்னிடம் சொன்னார்: "தப்பு என்னுதுதான்பா. அம்மாவக் கொண்டாந்து வெச்சேன். நாந்தான் அங்க நின்னுருக்கணும்." எனக்கு எரிச்சல் வந்தது. நின்றிருந்தால் அவரையும் குடை பிடித்து ஓரமாக உட்கார வைத்திருப்பார்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

வாக்குமூலம் வாங்கப் போலீஸ் வந்தபோது, குப்பத்துப் பெரியவர்கள் முன்கூட்டியே வந்து காத்திருந்தார்கள். கூட்டத்தில் யார் அடித்தது என்று தெரியவில்லை என்று சொன்னால் போதும் என்று கெஞ்சினார்கள். கோயில்பிள்ளையின் மனைவி கட்டில் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். தம்பியைக் கொடுத்தாயிற்று, புருஷனையும் கொடுக்கணுமா என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். சிஸ்டரும் அழுதார். அழுதுகொண்டே கோயில்பிள்ளையின் பெயரைச் சொன்னார்.

செங்கல்பட்டு கோர்ட்டில் அவர் கூண்டில் ஏறிய நாளில் நானும் இருந்தேன். கோயில்பிள்ளையின் வக்கீல் கெட்டிக்காரர். "சிஸ்டர், உங்க மதம் மன்னிக்கச் சொல்லுது. இவர நீங்க மன்னிக்கலையா?" என்று கேட்டார். இப்போது மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன்.

"மன்னிச்சிட்டேன்யா, அன்னிக்கே. ஆனா அடிச்சது அவருதான்."

கோயில்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். ஆயுள் தண்டனை கிடைத்தது. அவர் தம்பி செத்த கேஸ் தெற்குக் குப்பத்துக்காரர்கள் மேல் தனியாக நடந்தது. அதில் எவனையும் அடையாளம் காட்ட ஆள் இல்லை, விடுதலையாகிப் போனார்கள். இது அநியாயம் என்று சிஸ்டரே சொல்லிச் சொல்லிக் குமுறினார்.

குப்பம் ஆஸ்பத்திரிக்குக் கட்டுப்பாடு போட்டது. அங்கே யாரும் மருந்து வாங்கக்கூடாது, சிஸ்டரோடு பேசக்கூடாது. காய்ச்சல்காரர்கள் எங்கள் வாசலைத் தாண்டி பஸ் ஏறிக் கோவளம் போனார்கள். சிஸ்டர் தினமும் காலையில் கதவைத் திறந்து, இடது கையால் மேசையைத் துடைத்து, பஞ்சும் துணியும் எடுத்து வைத்து, உட்கார்ந்திருப்பார். மூடிவிட்டுப் போய்விடலாம், இந்த நன்றி கெட்ட ஜனத்துக்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று நான் கத்தியிருக்கிறேன். "நன்றிக்காகவா தொறந்தோம்?" என்பார். இன்றைக்கு நான் சொந்தமாக இரண்டு வண்டி வைத்து, மாமல்லபுரத்துக்கு டூரிஸ்ட் சவாரி ஓட்டுகிறேன். குப்பத்தை ஒட்டி ரிசார்ட் வந்துவிட்டது. சிஸ்டரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த வழியாகப் போகிறபோதெல்லாம் யாரும் வராத அந்தக் காலை நேரங்கள் ஞாபகத்துக்கு வருகின்றன.

கட்டுப்பாட்டை மீறி முதலில் வந்தது யார் தெரியுமா? கோயில்பிள்ளையின் மனைவி. புருஷன் ஜெயிலுக்குப் போன பிறகு மீன் வெட்டிக் கொடுத்துப் பிழைத்தாள். அருவாமனை வழுக்கி இடது உள்ளங்கை பிளந்திருந்தது. சுற்றிய முந்தானையிலிருந்து ரத்தம் சொட்ட, ஒரு வார்த்தையும் பேசாமல் வந்து பெஞ்சில் உட்கார்ந்து கையை நீட்டினாள். சிஸ்டர் கழுவி, மருந்து வைத்து, துணியைச் சுற்ற ஆரம்பித்தார். ஒற்றைக் கையால் இறுக்க முடியவில்லை, துணி நழுவிக்கொண்டே இருந்தது. நான் எழுந்து கிட்டே போனேன். அதற்குள் அவள் தன் வலது கையால் துணியின் ஒரு முனையைப் பிடித்தாள். சிஸ்டர் மறுமுனையைப் பிடித்தார். இரண்டு பேருமாக இழுத்து முடிச்சுப் போட்டார்கள்.

அவள் எழுந்தாள். சிஸ்டரின் மடங்காத கையைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"இத்த பாரு சிஸ்டரே, ஒன்ன நான் மன்னிக்கல. சாவற வரிக்கும் மன்னிக்க மாட்டேன்."

"சரிம்மா" என்றார் சிஸ்டர். "நாளைக்குக் கட்டு மாத்தணும், வந்துரு."

மறுநாள் வந்தாள். முனையைப் பிடித்துக்கொண்டாள்.