நாயைக் குளிப்பாட்டிய ஞாயிற்றுக்கிழமை

எங்கள் வீட்டு நாய்க்குப் பூர்வீகம் பிரான்ஸ். அங்கே முயல் பிடிப்பதற்கென்று உண்டாக்கிய ஜாதியாம். முயல் போன வழியைத் தரையை மோந்துகொண்டே போய்க் கண்டுபிடிக்குமாம். மூக்கு தரைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று காலைக் குட்டையாக வைத்துவிட்டார்கள். காதை மட்டும் அளவில்லாமல் வைத்திருக்கிறார்கள். நடக்கும்போது அது தெருவைப் பெருக்கும். தண்ணீர் வைத்தால் நாய்க்கு முன்னால் காது குடிக்கும். இவ்வளவும் என் மகள் விளக்கிச் சொன்னாள். ராயபுரத்தில் முயல் இல்லையே என்றேன். 

அவளோடு வேலை பார்த்த யாரோ வெளிநாடு போகும்போது விட்டுவிட்டுப் போன நாய் அது. இவள் கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு தூக்கி வந்தாள். இரண்டாவது மாதமே இவளுக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது. "ஒரு மாசம்தாம்மா. வீடு பார்த்ததும் வந்து கூட்டிட்டுப் போயிடுறேன்" என்றாள். அது மூன்று வருடத்துக்கு முன்னால் சொன்னது.

காகிதத்தில் அதற்கு ஒரு பிரெஞ்சுப் பெயர் இருந்தது. எங்கள் தெருவில் யார் வாயிலும் நுழையவில்லை. "டேய்" என்றால் திரும்பிப் பார்ப்பான். வருவான் என்று நான் சொல்லவில்லை. எதிர் வீட்டு ஆட்டோக்காரர் முதல் நாள் அவனைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இன்னாக்கா, காலு அப்பறமா வருமா?" என்று கேட்டார். கிண்டலா, அக்கறையா என்று இன்றுவரை தெரியவில்லை.

வீட்டிலிருந்து காசிமேட்டில் இருக்கும் என் கடைக்கு நான் நடந்தால் பத்து நிமிடம். இவனோடு நடந்தால் முக்கால் மணி நேரம். துறைமுகத்துக்குள் போக வரிசையில் நிற்கிற கன்டெய்னர் லாரி ஒவ்வொன்றிலும் எல்லாச் சக்கரத்தையும் மோந்து முடித்தால்தான் அடுத்த லாரி. டிரைவர்கள் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு இறங்கி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். இழுத்தால் உட்கார்ந்துவிடுவான். முப்பது கிலோ நாய் உட்கார்ந்துவிட்டால் அது நாய் இல்லை, சிமென்ட் மூட்டை. தூக்கிக்கொண்டு நடக்க எனக்கு என்ன தலையெழுத்தா என்று பெங்களூருக்குப் போன் போட்டுக் கத்துவேன். அவள் சிரிப்பாள். தனியாக விட்டுவிட்டும் போக முடியாது. துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதினால் இவன் பதில் சொல்வான். கப்பல் ஒரு தடவை ஊதினால் இவன் ஆறு தடவை.

இதில் காது நாற்றம் வேறு. அந்தக் காது எப்போதும் மூடியே கிடப்பதால் உள்ளே ஒரு புளித்த வாடை அடிக்குமாம். என் வீட்டுக்காரர் கன்டெய்னர் யார்டில் வேலை செய்கிறவர். அவர் மோந்து பார்க்காத நாற்றமில்லை. அவரே, "இத்த கொஞ்சம் அந்தாண்ட இட்டுனு போ" என்று தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். காதைத் துடைக்கிற வேலை என் தலையில் விழுந்தது. எனக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

நாய் வந்த வருடம் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாளில் காய்ச்சல் போனது. வாசனையும் அதோடு போனது. டாக்டர், "வரலாம், வராமலும் இருக்கலாம்" என்றார். இதைச் சொல்ல எதற்கு அவ்வளவு படிப்பு என்று தெரியவில்லை. வடக்கே எண்ணூர்த் தொழிற்சாலைப் பக்கமிருந்து காற்று திரும்பினால் எங்கள் தெருவே ஜன்னலைச் சாத்தும். நான் மட்டும் திறந்து வைத்துக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருப்பேன். வேறு தொழில் செய்கிறவளாக இருந்தால் இதை ஒரு வசதி என்றே சொல்லியிருப்பேன். நான் கருவாட்டு வியாபாரி.

எங்கள் தொழிலில் மூட்டை பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. மேலே இருப்பதைப் பார்த்துப் பிரயோஜனமில்லை. முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு மீனை உருவி, வயிற்றுப் பக்கம் மோந்து பார்க்க வேண்டும். நன்றாக இருந்தால் மூட்டையின் வாயைக் கட்டிவிடலாம். கெட்டுப்போயிருந்தால் அந்த மீனை மூட்டையின் மேலேயே வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். வாயால் ஒரு சொல் சொல்லக் கூடாது. இன்னொன்றும் உண்டு. கடைக்காரி மோந்து கட்டிய மூட்டைக்குள் வாங்க வருகிறவள் கையை விட மாட்டாள். விட்டால், உன் மூக்கை நான் நம்பவில்லை என்று நடுக்கடையில் சொன்ன மாதிரி. அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை இருக்காது.

என்னிடம் எட்டுக் கூடைக்காரப் பெண்கள் வாங்குகிறார்கள். புளியந்தோப்பு, மாதவரம், புழல் என்று ஆளுக்கு ஒரு பக்கம் பஸ் ஏறிப் போய்த் தெருத்தெருவாக விற்பார்கள். கெட்ட கருவாடு ஒரு வீட்டுக் குழம்புக்குள் போய்விட்டால் அவள் அந்தத் தெருவில் மறுபடி கால் வைக்க முடியாது. இருபது வருடமாக என் மூக்கை நம்பி அவர்கள் கூடை நிரம்புகிறது. மூக்குப் போன கருவாட்டுக்காரியிடம் யார் வருவார்கள்? வெளியே தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும். வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. அவரிடம் சொல்வதும் யார்டு மைக்கில் சொல்வதும் ஒன்றுதான். கையை விட்டேன், மீனை உருவினேன், மூக்கில் வைத்தேன், பழைய மாதிரியே தலையை ஆட்டினேன். கண்ணையும் விரலையும் வைத்து ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

மழை பிடித்த வாரத்தில் அது நடந்தது. நான் கட்டிய நெத்திலி மூட்டை ஒன்று உள்ளே நமத்துக் கெட்டிருந்தது. புளியந்தோப்புக்காரி பாதிக் கூடையோடு திரும்பி வந்தாள். எட்டுப் பேரில் மூத்தவள் அவள்தான்.

"ஒரு வூட்டம்மா என் மூஞ்சி மேலயே கொட்டிட்சுக்கா. உன் மூக்குக்கு இன்னா ஆச்சு?"

"ஜலதோஷம்டி" என்றேன்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கூடையைக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டாள்.  அந்த மூட்டையை வண்டியில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்து பின்பக்கம் வைத்தேன். நாய் வந்தான். மோந்தான். முன்தோளைச் சாய்த்து, கழுத்தை மூட்டை மேல் அழுத்தி, நான்கு குட்டைக் காலும் வானத்தைப் பார்க்க, கண்ணை மூடிக்கொண்டு புரண்டான். கல்யாண வீட்டில் சென்ட் பூசுகிற மாதிரி கழுத்து முழுக்கப் பூசிக்கொண்டான். நல்ல கருவாட்டை இவன் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான். அதற்கு எச்சில்தான் ஒழுகும். புரண்டதில்லை.

மறுநாள் கடைக்குக் கூட்டிப்போனேன். ஆள் வருவதற்கு முன்னால் ஒவ்வொரு மூட்டையாகத் திறந்து காட்டினேன். தலையை உள்ளே விட்டு, காது இரண்டும் உள்ளே விழ, நிதானமாக மோந்தான். எச்சில் ஒழுகினால் இழுத்துவிட்டு வாயைக் கட்டினேன். ஒன்றில் தோளைச் சாய்த்தான். அதிலிருந்து ஒரு மீனை எடுத்து மேலே வைத்தேன். அன்றிலிருந்து இரண்டரை வருடம் ஒரு மூட்டைகூடத் தப்பவில்லை. ஏன் நாயை இழுத்துக்கொண்டு வருகிறாய் என்று கேட்டவர்களுக்கு, தனியாக விட்டால் ஊளையிடுகிறான் என்றேன். அது பொய்யும் இல்லை.

கூடைக்காரப் பெண்களுக்கு அவன் மேல் அப்படி ஒரு பாசம். வந்ததும் வராததுமாகக் கூடையை இறக்கிவிட்டு அவன் முன்னால் குந்திக்கொள்வார்கள். காது இரண்டையும் கையில் ஏந்தி முகத்தில் வைத்துக்கொள்வார்கள். எட்டுப் பேரும், தினமும். என் வீட்டுக்காரரே நாற்றம் தாங்காமல் ஓடுகிற காது அது. என் மகளைக் குழந்தையில்கூட இவர்கள் இப்படிக் கொஞ்சியதில்லை. பைத்தியக்காரிகள் என்று நினைத்துக்கொண்டேன்.

மகள் தினமும் காலையில் போன் செய்வாள். சாப்பிட்டியா என்பாள், சாப்பிட்டேன் என்பேன், பிறகு நாயைப் பற்றிப் புலம்புவேன். ஒரு நாள் அவள் சொன்னாள், "பால்கனி வெச்ச வீடு கிடைச்சிருச்சும்மா. சனிக்கிழமை கார்ல வர்றேன். ஞாயித்துக்கிழமை அவனைக் கூட்டிட்டுப் போறேன். பாவம், நீ எவ்ளோ நாள்தான் கஷ்டப்படுவ."

 மூன்று வருடமாக அந்த நாயைத் திட்டாத நாள் இல்லை. இப்போது எந்த வாயை வைத்துக்கொண்டு வேண்டாம் என்பது? ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? "சரி வா" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வாங்கி வந்த ஷாம்பூவைப் போட்டு நானே அவனைக் குளிப்பாட்டினேன். காதைத் தனியாக இரண்டு தடவை தேய்த்தேன். நாற்றமடிக்கிற நாயை அனுப்பினாள் என்று யாரும் சொல்லக் கூடாது. தேய்க்கும்போது அழுகை வந்தது. தொழிலுக்காக அழுகிறேன் என்றுதான் நினைத்தேன். அவன் என் கையை நக்கினான். அப்போது அது தொழிலுக்காக மட்டும் இல்லை என்று தெரிந்தது.

ஊருக்குக் கிளம்புகிற வழியில் என்னைக் கடையில் இறக்கிவிட்டு, காரை வெளியே நிறுத்தி, நாயைப் பிடித்துக்கொண்டு மகளும் உள்ளே வந்து உட்கார்ந்தாள். வாளைக் கருவாடு மூன்று மூட்டை வந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்க நாயை எப்படி விடுவது? கையை விட்டேன். உருவினேன். மூக்கில் வைத்தேன். ஒன்றும் இல்லை. வெறும் காற்று. மூன்றின் வாயையும் கட்டினேன். 

கூடைக்காரப் பெண்கள் வந்தார்கள். வழக்கம்போல் நாயின் முன்னால் குந்தி, காதை முகத்தில் வைத்தார்கள். புளியந்தோப்புக்காரி வைத்தாள், மாதவரத்துக்காரியைப் பார்த்தாள். அவள் வைத்தாள், அடுத்தவளைப் பார்த்தாள். எட்டுப் பேரும் வைத்துவிட்டு எழுந்து சுவரோரம் நின்றார்கள். ஒருத்தியும் கூடையை நகர்த்தவில்லை.

"இன்னாடி நிக்கிறீங்க? பஸ்ஸு வந்து உங்கள இட்டுனு போவுமா?"

புளியந்தோப்புக்காரி காலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நாயக் குளிப்பாட்டிட்டியேக்கா."

"குளிப்பாட்டுனா?"

"காதுல கருவாட்டு வாடை இல்ல. இன்னிக்கி இவன் மூட்டையப் பாக்கல."

நான் வாயைத் திறந்தேன். 

"ஜலதோஷம் ரெண்டர வருசமாக்கா இருக்கும்?" என்றாள் அவள். "அன்னிக்கே தெரியும். மூட்டையில நாங்க கைய வுட்டா உனக்கு அசிங்கமா பூடும். அத்தொட்டு இவன் காத மோந்துகினு இருந்தோம். காதுல வாடை கீதுன்னா இவன் எல்லாத்தியும் பாத்துட்டான், எடுத்துகினு போலாம்னு அர்த்தம்."

என் மகள் அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "என்னம்மா இது?"

"எனக்கு வாசனை வராது" என்றேன். "அந்தக் காய்ச்சல்லேர்ந்து."

அவள் எழுந்தாள். குனிந்து நாயின் கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றினாள். நான் மூட்டைகளின் வாயை அவிழ்த்தேன். அவன் ஷாம்பூ வாசனையோடு அசைந்து அசைந்து போனான். முதல் மூட்டையில் எச்சில். இரண்டாவதிலும் எச்சில். மூன்றாவதில் கொஞ்சம் யோசித்தான். பிறகு தோளைச் சாய்த்து, கழுத்தை அழுத்தி, நான்கு காலும் மேலே போக, ஆனந்தமாகப் புரண்டான்.

நான் அந்த மூட்டையிலிருந்து ஒரு வாளையை உருவி மேலே வைத்தேன். யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. மற்ற இரண்டு மூட்டையிலிருந்து எட்டுக் கூடையும் நிரம்பின.

"தினம் பேசுறோமேம்மா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் மகள்.   அவள் பேரிலும் தப்பில்லை. மூக்கு இருக்கிறதா என்று எந்த மகள் அம்மாவிடம் கேட்பாள்? அவள் காருக்குப் போய் நாயின் சோற்றுத் தட்டையும் போர்வையையும் எடுத்து வந்து கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். குந்தி உட்கார்ந்து அவன் காதை முகத்தில் வைத்தாள். குமட்டிக்கொண்டு வந்தது போல, கண்ணெல்லாம் தண்ணீர். அப்படியும் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. பிறகு தனியாகவே காரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

இப்போதும் தினமும் காலையில் போன் செய்கிறாள். முன்பெல்லாம் எடுத்ததும் "சாப்பிட்டியாம்மா" என்பாள். இப்போது, "பொரண்டானா?" என்று கேட்கிறாள்.